அட்டவணை 7.3

புத்தகப் பெட்டிகள் கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கின.
நிலையத்தின் பின்பக்கம் வைத்தே
கயிற்றை அறுத்து
முதல் பிரதியை என் கையில் தந்தார் ஷிபானா மிஸ்.
"ஏழாம் அத்தியாயம் முழுக்க உங்கட கணக்குத்தான்."

பிரயோகப் புள்ளிவிபரவியல்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எங்கு திறந்தாலும் கிரேக்க எழுத்து,
தூண்டில் முள்ளுகள் போல
வளைந்தும் கொழுவியும்.
மிதித்துவிடாமல் விரல்நுனியில் நடந்து
அட்டவணைக்குப் போனேன்.

திருக்கடலூர்க் கரைவலை. நாற்பது நாள்.
பிடிபாடு, கிலோவில்.
செதில் ஒட்டிய கொப்பியில்
ஈரக் கையால் நான் கிறுக்கிய இலக்கங்கள்
வெடில் போகக் குளித்து
காலைக் கூட்டத்துப் பிள்ளைகளாய் வரிசையில் நின்றன.
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கீழே வரைபு.
நாள் கிடையாக, கிலோ நிமிர்ந்து,
நடுவில் சிதறிய புள்ளிகள்.
பெட்டி மட்டையை மெல்ல வந்த மானின் விலாவிலும்
ஏறக்குறைய அதே சிதறல்.
மானில் யாரும் கோடு கீறவில்லை.
புத்தகத்தில் கீறியிருந்தார்கள்.

பதினேழாம் நாளுக்கு மட்டும் ஒரு வட்டம்:
"புறம்பி. பதிவு வழுவாக இருக்கலாம்.
நீக்கிவிட்டுக் கோட்டை மீளக் கணிக்க."

வழுவா?

அன்றைக்குக் குடாவுக்குள் பாரை வந்தது.
மடி அசைய மறுத்தது.
சம்மாட்டி சில்வேஸ்தர் றோட்டுக்கு ஓடிப்போய்க் கத்த
வங்கிக் காவலாளி தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு வந்தான்.
கிண்ணியா பஸ்ஸின் கொண்டக்டர்
ரிக்கற் புத்தகத்தைப் பல்லில் கடித்தபடி கயிறு பிடித்தார்,
அவருக்குப் பின்னால் அரைவாசிப் பயணிகள்.
தராசுக் கொளுக்கி ஒடிந்தது.
பிறகு பெட்டி பெட்டியாக எண்ணி
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது என்று எழுதி
அடியில் இரண்டு தரம் கோடு போட்டேன்,
யாரும் நம்பமாட்டார்கள் என்று.

நம்பவில்லை.

ஆறு வரி தள்ளி இருபத்துமூன்றாம் நாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
கோடு அதன் நெற்றிக்கூடாகவே போகிறது.
பக்கத்தில், எச்சம்: 0.03.

எச்சம் என்றால் எனக்குத் தெரிந்தது
காகம் என் கொப்பியில் இட்டதுதான்.
மிஸ் சிரித்து விளங்கப்படுத்தினார்:
கோடு சொல்வதற்கும் கடல் தந்ததற்கும்
நடுவில் மிஞ்சுவது.
"இந்த நாளில மிஞ்சவே இல்லை, பாருங்க.
எவ்வளவு வடிவான தரவு."

அந்த நாள் நான் கரைக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில்,
மகனின் கைக்குள் இறங்கிய சேலைனை
நிமிடத்துக்கு இத்தனை சொட்டென்று எண்ணிக்கொண்டிருந்தேன்.
டெங்கு. இரத்தத்தில் ஏதோ ஒன்று
குறைந்துகொண்டே போகிறது என்றார்கள்,
எத்தனை ஆயிரம் என்று காலையிலும் மாலையிலும் சொன்னார்கள்.
அதுவும் ஒரு பிடிபாடுதான்.
வாட்டில் விளக்கை அணைத்தபின்
போன் வெளிச்சத்தில் கொப்பியை விரித்து
முந்தின நாளையும் அதற்கு முந்தினதையும் பார்த்து
பொருந்துகிற ஒன்றை எழுதினேன்.
இருநூற்றுப் பத்து என்றால் பொய் மாதிரித் தெரியும்.
ஆகவே பன்னிரண்டு.

"பிழை கிழை கண்டால் சொல்லுங்க,
இரண்டாம் பதிப்பில திருத்தலாம்."

பதினேழைச் சொன்னேன்.
பாரை, பஸ், கொளுக்கி, எல்லாம்.
மிஸ் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்,
கொண்டக்டரைக்கூட.

"வேற?"

மான் மட்டையை மென்றுகொண்டே எங்களைப் பார்த்தது.
பெட்டியில் இன்னும் நாற்பத்தேழு பிரதி.
கோணேசபுரியில் நாற்பத்தேழு பிள்ளைகள்
அடிமட்டம் வைத்து
அந்தப் புள்ளிக்கூடாகக் கோடு கீறுவார்கள்.
பிசகாமல் கீறினால்
பத்துப் புள்ளி.

"வேற ஏதும்?"

"மகனுக்கு இப்ப நல்ல சுகம், மிஸ்"
என்றேன்.